‘விடு’ என்று கத்தச் சொன்ன ரெஜினா

செய்தி வந்தபோது நான் கத்திக்கொண்டிருந்தேன். கத்துவதுதான் என் வேலை. செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவில், நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். நோயாளி மூக்கில் கிளிப்பை மாட்டி, அட்டைக் குழாயை வாயில் கவ்வி, இழுத்த மூச்சை ஒரே தள்ளாகத் தள்ளி, உள்ளே ஒன்றும் மிச்சம் இல்லை என்னும் வரைக்கும் விட வேண்டும். தானாக யாரும் அப்படி விடுவதில்லை. பக்கத்தில் ஒருத்தன் நின்று கத்த வேண்டும். அன்று காலை சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வந்த ஓர் ஆட்டோக்காரர் குழாயைக் கவ்விக்கொண்டிருந்தார். நர்ஸ் கதவைத் திறந்து, “சார், ரெஜினா மேடம் போயிட்டாங்க” என்றார். “எங்க?” என்று கேட்டேன். அக்கா மகளுக்குப் பிரசவம், பெங்களூர் போகிறேன் என்று நீண்ட விடுப்பில் போனவர் ரெஜினா. அங்கிருந்து வேறு எங்கோ போயிருக்கிறார் என்றுதான் என் புத்திக்கு எட்டியது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். ஆட்டோக்காரர் ஊதுவதா வேண்டாமா என்று தெரியாமல் கன்னத்தை உப்பவைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கல்பட்டுப் பக்கத்து ஆள் என்றால் ரெஜினாவை நீங்களும் அறிந்திருப்பீர்கள். வார்டில் பார்த்திருப்பீர்கள், அல்லது உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போயிருப்பீர்கள். வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகர். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, படித்து, வேலைக்கு வந்தவர். அதையெல்லாம் அவர் பெருமையாகவும் சொல்லமாட்டார், மறைக்கவும் மாட்டார். சத்தமாகச் சிரிப்பார். எதற்கும் நேரத்துக்கு வரமாட்டார். என் சாப்பாட்டு டப்பாவை என்னைக் கேட்காமல் திறப்பார். அவருடைய அறையும் என் அறையும் ஒரே கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்தவை. அந்தத் தடுப்பைச் சுவர் என்று நாங்கள் ஒரு மரியாதைக்குச் சொல்லிக்கொண்டோம்.

முதல் பேச்சே சண்டைதான். அவர் சேர்ந்த புதிதில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, “சார், பக்கத்துல ஒரு புள்ள ஒரு மணி நேரமா வாயத் தொறக்கல. இப்பதான் தொறந்தா. நீங்க ஊது ஊதுன்னு கத்துன கத்துல மூடிக்கினா” என்றார். எனக்கும் கோபம் வந்தது. “மேடம், நான் காதுல ரகசியம் சொன்னா இவங்க கொட்டாவிதான் விடுவாங்க” என்றேன். நிர்வாகத்திடம் போவேன் என்று அவர் சொன்னார், தாராளமாகப் போங்கள் என்று நான் சொன்னேன். இருவரும் சேர்ந்தே போனோம். பலகைக்குப் பஞ்சு ஒட்டித் தருகிறோம் என்றார்கள். அது இன்றுவரை வரவில்லை.

அந்த ‘ஊது’ என்ற சொல்லில் எனக்கே ஒரு தொல்லை இருந்தது. எங்கள் பக்கத்தில் ஊதச் சொன்னால் ஒரே அர்த்தம்தான். ஜி.எஸ்.டி. சாலையில் போலீஸ் வண்டியை மடக்கி வாயில் வைக்கும் கருவி. மறைமலைநகரில் ஷிப்ட் முடித்து நேராக வரும் ஆள், “இன்னா சார், நான் குடிக்கவே இல்லியே, இன்னாத்துக்கு ஊதச் சொல்ற?” என்று குழாயைத் தள்ளிவிடுவார். சிலர் பயத்தில் உதட்டை ஒட்டியும் ஒட்டாமலும் வைத்து, லேசாக ஊதித் தப்பிக்கப் பார்ப்பார்கள். பாக்கு வாசம் தெரியக்கூடாதென்று வாய் கொப்பளித்துவிட்டு வந்தவர்கூட உண்டு. இதைச் சொல்லி நான் புலம்பியபோது ரெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “ஊதுன்னு ஏன் சொல்றீங்க அண்ணாத்த? விடுன்னு சொல்லுங்க. உள்ள இருக்கறத விடறதுதான அது?” என்றார். மறுநாள் சொல்லிப் பார்த்தேன். விடு, விடு, இன்னும் விடு, நிறுத்தாதே, எல்லாத்தையும் விடு. வேலை சுலபமாக நடந்தது. நான் ‘மேடம்’ என்பதை விட்டதும், அவர் ‘சார்’ என்பதை விட்டதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான்.

சில வாரம் கழித்து அவர் இன்னொரு விஷயம் சொன்னார். அவர் அறையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், பலகை வழியாக என் கத்தலைக் கேட்டு அழ ஆரம்பிக்கிறார்களாம். யாரையோ ஒருவரை யாரோ ஒருவர் ‘எல்லாத்தையும் விடு, உள்ளே வெச்சிக்காதே’ என்று கெஞ்சுவதுபோல் கேட்கிறதாம். “உங்க கத்தல்லதான் என் வண்டி ஓடிகினு கீது” என்றார். ஒரு பிள்ளை ரொம்ப நேரம் பேசாவிட்டால் பலகையை இரண்டு தட்டு தட்டுவார். நோயாளி இல்லாவிட்டாலும் நான் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்துவேன். வெளியே வரிசையில் இருப்பவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

நெஞ்சுக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இப்போது பலரும் பேசுகிறார்கள். ரெஜினாவுக்கு அது பேச்சு இல்லை, தினசரி வேலை. பதினான்கு, பதினைந்து வயதில் மூச்சு வாங்குகிறது என்று வரும் பிள்ளைகளை எங்கள் பக்கம் நெஞ்சு நோய் என்று மருந்து கொடுத்து அனுப்புவோம், மருந்து கேட்காவிட்டால் ‘எல்லாம் மனசுதான்’ என்று அவர் பக்கம் தள்ளுவோம். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும். “மனசுதான்னு நீங்க சொன்னா, நடிக்கிறேன்னு அந்தப் புள்ள காதுல விழுது. வூட்ல இருக்கறவங்க காதுலயும் அதான் விழுது. அப்புறம் நெசமாவே மூச்சு நின்னாக்கூட யாரும் எழுந்து வரமாட்டாங்க” என்று ஒரு பெரிய டாக்டரை வராந்தாவில் நிறுத்தி வைத்துச் சொன்னார். மனக்கஷ்டத்தில் இருக்கும் பிள்ளை தூங்காது, மருந்தை ஒழுங்காக இழுக்காது, மருந்து இழுக்காவிட்டால் நெஞ்சு சுருங்கும், நெஞ்சு சுருங்கினால் பயம் வரும், பயம் வந்தால் இன்னும் இழுக்கும். இதில் எது முதல், எது அடுத்தது என்று பிரிக்க முடியாது என்பார்.

பவித்ராவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பெயரை மாற்றியிருக்கிறேன். மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு சமுதாயக் கூடத்தில் மாதம் ஒருமுறை முகாம் போடுவோம். கருவியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் நான், முன்னிருக்கையில் பாட்டுப் பாடிக்கொண்டு ரெஜினா. ஒரு முகாமுக்குப் பத்தாம் வகுப்புப் பெண் பவித்ராவை அவள் அம்மா கூட்டிவந்தார். கடற்கரை ரிசார்ட் ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்பவர். சிறுவயதிலிருந்தே மகளுக்கு வீசிங். அது இப்போது அடிக்கடி வருகிறது, அதுவும் பள்ளிக்கூடத்தில்தான் வருகிறது, அதனால் டிராமா போடுகிறாள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அம்மாவும் பாதி அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

பவித்ராவைக் குழாயைக் கவ்வச் சொல்லிக் கத்தினேன். நன்றாக இழுத்தாள், வேகமாகத் தள்ளினாள், பாதியில் சட்டென்று நிறுத்திவிட்டாள். மறுபடியும் அப்படியே. திரையில் கோடு சரிந்து இறங்காமல் வெட்டிவிட்டதுபோல் விழுந்தது. டெஸ்ட் செல்லாது என்று எழுதலாம் என்று நான் பேனாவை எடுத்தேன். பக்கத்தில் நின்றிருந்த ரெஜினா குனிந்து, “ஏன்டா கண்ணு நிறுத்துற?” என்று கேட்டார். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். “முழுசா விட்டா இன்னாமோ வெளிய வந்துடும் போல கீது மிஸ்” என்றாள்.

ரெஜினா அம்மாவை வெளியே சவுக்கு மரங்களின் பக்கம் கூட்டிப்போனார். ஜன்னல் திறந்திருந்தது, எனக்குக் கேட்டது. பவித்ராவின் அப்பா கம்பெனி பஸ் ஓட்டுபவர். குடும்பத்தை விட்டுவிட்டு ஊரப்பாக்கத்தில் வேறொரு பெண்ணோடு இருக்கிறார். தெருவில் எல்லோரிடமும் அவர் துபாயில் இருப்பதாகச் சொல்லியாயிற்று. அப்பா துபாயில் இருந்தால் பள்ளிக்கூடத்தில் சாக்லேட் கேட்பார்கள் அல்லவா? டூரிஸ்ட்டுகளுக்காக நடத்தும் கடையில் வெளிநாட்டுச் சாக்லேட் வாங்கி, அப்பா அனுப்பினார் என்று மகள் கையில் கொடுத்து அனுப்புகிறார் அம்மா. அதை வகுப்பில் பங்கு வைக்கும் நாளில்தான் பவித்ராவுக்கு இழுக்கிறது. மருந்து இழுக்கும் பஃப்பையும் யார் கண்ணிலும் காட்டக்கூடாது, நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடங்கல் வரும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

“அப்பா விஷயத்துல பொண்ணுகிட்ட இன்னா சொல்லி வெச்சிகீற?” என்று ரெஜினா கேட்டார்.

“இன்னாத்த சொல்லுவேன் மேடம்? யார்கிட்டயும் மூச்சு விடாதன்னேன். வேற இன்னா சொல்ல முடியும்?”

“அப்படியேதான் செஞ்சிகினு கீறா பாரு” என்றார் ரெஜினா.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு பேர் சிரித்தால் நீங்களா வந்து நிற்பீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ரெஜினா விவாதம் செய்யவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டாம், சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மகள் சொல்வதற்கு ஒரே ஒரு ஆளை மட்டும் அவளே தேர்ந்தெடுக்கட்டும், விடு என்று கேட்டுக்கொண்டார். பீரோவிலிருந்து பஃப்பை எடுத்துப் பள்ளிக்கூடப் பையில் போடு என்றார். பவித்ரா தன் பக்கத்து இருக்கைத் தோழியைத் தேர்ந்தெடுத்தாள். அடுத்த முகாமில் கோடு பாதியில் விழவில்லை. முகாம் முகாமாக எண்களும் ஏறின. “மருந்தா, பேச்சா? எதனால ஏறிச்சு?” என்று நான் கேட்டேன். “இதுலயும் பங்கு பிரிக்கணுமா அண்ணாத்த? பேசாம வேன்ல ஏறுங்க” என்றார்.

எல்லாக் கதையும் இப்படி முடிந்ததில்லை. ஒரு பையன் இருந்தான். எல்லாம் செல்போன் செய்கிற வேலை என்று அவன் அப்பா இரண்டாவது முறை கூட்டிவரவே இல்லை. ரெஜினா போன் செய்து செய்து பார்த்தார். பிறகு ஒருநாள் அந்த வீட்டிலிருந்தே போன் வந்தது, காலையில் இழுப்பு வந்து பையன் போய்விட்டான் என்று. அன்று ரெஜினா என் அறைக்கு வந்து நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். என் டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன், தொடவில்லை. “நம்ம ரெண்டு பேர்ல யாரு அவனத் தவற விட்டோம்னுகூட தெரியலியே அண்ணாத்த” என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பலகைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும், சிரிப்பின் கடைசியில் ஒரு வறட்டு இருமல் ஒட்டிக்கொண்டு வரும். ஒருமுறை வந்து ஊதிவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். தூசு என்றார். அடுத்த தடவை சொன்னபோது ஏசி என்றார். மாடிப்படி ஏறாமல் லிப்டுக்குக் காத்து நின்றபோது முட்டிவலி என்றார். “உங்க கத்தலுக்கு நான் பயந்தவ இல்ல, நேரம் இல்ல, அப்புறம் ஊதறேன்” என்று சிரித்தார். பள்ளி விட்டதும் அவர் மகள் ஷெரின் மாலையில் என் அறையில்தான் உட்கார்ந்திருப்பாள். பத்தாம் வகுப்பு. என்னை மாமா என்று கூப்பிடுவாள். பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டு, கருவியின் திரையில் வரும் கோடுகளைப் பார்த்து, இவர் பீடி, இவர் வீசிங் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு அவளுக்குப் பிடிக்கும். பிறகு அந்த விளையாட்டு நின்றது. பரீட்சை வருகிறது, வளர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ரெஜினாவின் கணவர் அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரசவமும் இல்லை, பெங்களூரும் இல்லை. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும் நோய். வெளியூரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே வேறு ஏதோ ஒரு அறையில், வேறு யாரோ கத்த, ரெஜினா குழாயைக் கவ்வி ஊதியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவேன்? ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். ஊரில் உள்ள நுரையீரலையெல்லாம் அளப்பவன்.

“ஏன் அந்தோணி எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். கல்லறைத் தோட்டம் என்றும் பார்க்காமல் கத்தித்தான் கேட்டேன்.

“உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னா அண்ணே. அவர் விடு விடுன்னு கத்திகினு இருப்பாரு, திரையில கோட்டப் பாத்ததும் பாதியில அவர் குரல் உடஞ்சிடும், அத என்னால பாக்க முடியாதுன்னா.”

நான் நடந்துகொண்டே இருந்தேன். அந்தோணியும் கூட நடந்தார். கொளவாய் ஏரிக்கரை வரை வந்துவிட்டோம்.

அடுத்த சில நாட்களில் அந்தோணி ஷெரினைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். “நெஞ்ச அடைக்குதுங்கறா அண்ணே, மூச்சு பத்தலன்னு எழுந்து எழுந்து உக்கார்றா” என்றார். அம்மாவின் நோய் மகளுக்கும் வந்துவிட்டதோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. ஷெரின் வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்காராமல் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளிப்பை மாட்டினேன். குழாயைக் கொடுத்தேன். விடு என்று கத்தினேன். வேகமாகத் தள்ளி, பாதியில் நிறுத்திவிட்டாள். கோடு வெட்டிவிட்டதுபோல் விழுந்தது. அந்தக் கோட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. கூப்பிட ஆள் இல்லாததால் அவர் கேட்ட கேள்வியை நானே கேட்டேன். “ஏன்டா கண்ணு நிறுத்துற?”

ஷெரின் குழாயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். “எனக்கு முன்னாடியே தெரியும் மாமா. அம்மா ரிப்போர்ட்ட நான் பாத்துட்டேன். பரீட்சை முடியற வரைக்கும் சர்ச்ல, ஸ்கூல்ல யார்கிட்டயும் மூச்சு விடாத, முக்கியமா மாமாகிட்ட மூச்சு விடாதன்னாங்க. தினம் இங்கதான உக்காந்துகினு இருந்தேன். உங்க மூஞ்சியப் பாத்துகினே பன்னு தின்னுகினு இருந்தேன். நான் சொல்லியிருந்தா நீங்க அம்மாவ காப்பாத்தியிருப்பீங்களா மாமா?”

ஊரார் பிள்ளைகளை எல்லாம் விடச் சொன்னவர், சொந்த மகளிடம் போய் மூச்சு விடாதே என்று சொல்லியிருக்கிறார். அந்த நிமிடம் ரெஜினா எதிரில் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், நிர்வாகம் வரை போயிருப்பேன். பவித்ராவின் அம்மாவுக்கு இருந்த அதே பயம்தான் அவருக்கும் இருந்திருக்கிறது. நாலு பேர் சிரிப்பார்கள் என்று அந்த அம்மா பயந்தார், ஒருவன் அழுவான் என்று இவர் பயந்தார். இதைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஆனால் மன்னிக்க இன்னும் முடியவில்லை. அவரை அறிந்த நீங்கள் யாராவது மன்னித்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஷெரினிடம் உண்மையைத்தான் சொன்னேன். அந்த நோய்க்கு என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும் போன மூச்சைத் திருப்பிக் கொடுக்கும் மருந்து இல்லை, நீ சொல்லியிருந்தாலும் உன் அம்மா இருந்திருக்கமாட்டார், நாம் இருவரும் சேர்ந்து அழுதிருப்போம், அவ்வளவுதான் என்றேன். பிறகு அவளாகவே கிளிப்பை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள்.

ரெஜினாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். ஊது என்று கத்திக்கொண்டிருந்தவனுக்கு அவர் மாற்றிக் கொடுத்த சொல். பக்கத்து அறையை இப்போது ஆக்சிஜன் சிலிண்டர் வைக்கும் இடமாக மாற்றிவிட்டார்கள். புதிய ஆலோசகர் வரும்வரை அப்படித்தானாம். அங்கே யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் நான் குரலைக் குறைக்கவில்லை.

ஷெரின் கிளிப்பை மாட்டிக்கொண்ட அன்றும் குறைக்கவில்லை. விடு, விடு, இன்னும் விடு, உள்ளே வெச்சிக்காதே, எல்லாத்தையும் விடு என்று கத்தினேன். திரையில் கோடு சரிந்து, நீண்டு இறங்கிக்கொண்டிருந்தது. ரெஜினா சொன்னபடியே பாதியில் என் குரல் உடைந்துவிட்டது. ஷெரின் நிறுத்தவில்லை.